ஸ்லோக்கம் கட்டிய இரு படகுகள்

மரத்தால் ஒரு படகைத் தம் கையாலேயே கட்ட வேண்டும் என்னும் ஆசை பல நாடுகளிலும் பலருக்கு எழுந்திருக்கிறது. ஆசை எழுந்த மறுநாளே கோடரியும் உளியுமாகப் புறப்பட்டவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக் கொல்லைகளிலும் பட்டறை மூலைகளிலும் பலகை ஏறாமலே எலும்புக்கூடு போல் நின்று மட்கிப் போன படகுகளை எண்ணத் தொடங்கினால், நீரில் இறங்கியவற்றை விட அவையே தொகையில் மிகுந்திருக்கும் என்று தோன்றுகிறது. எஸ்கிமோக்களிடமிருந்து உலகம் கற்றுக்கொண்ட கயாக் என்னும் ஒற்றையாள் ஓடமானாலும் சரி, சரக்கு ஏற்றும் தோணியானாலும் சரி, இவ்வேலைக்கு ஒரு பொல்லாத இயல்பு உண்டு. தொடக்கத்தில் அது விரைந்து உருக்கொள்ளும். அடிமரத்தைக் கிடத்தி, விலாச் சட்டங்களை நிறுத்திய உடனே படகின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். செய்பவருக்கும் உச்சி குளிரும். அதற்குப் பின்னரே சோதனை. பலகையை இழைப்பது, பொருத்துவது, பொருந்தவில்லை என்று கழற்றுவது, மீண்டும் இழைப்பது, இணைப்புகளை அடைப்பது, தேய்ப்பது, பூசுவது என்று மாதக்கணக்கில் உழைத்தாலும், தெருவில் போகிறவர் பார்வைக்குப் படகு அன்றிருந்தது போலவே இன்றும் இருக்கும். மனம் சோர்வது அந்தக் கட்டத்தில்தான்.

இச்சோர்வை முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதை வரலாற்றில் தேடினால் நமக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சில. படகு கட்டிய தச்சர்கள் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்த புலவர்கள் படகு கட்டுவதில்லை. இரண்டையும் செய்த ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் என்று உலகம் அவரை அறியும். அந்தப் பயணத்தின் புகழ் அதற்கு முன்னர் நடந்த வேலையை மறைத்துவிட்டது. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான்.

ஸ்லோக்கம் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தை உழவும் காலணித் தொழிலும் செய்தவர். சிறுவன் ஒளிந்திருந்து செதுக்கிய மாதிரிக் கப்பல் ஒன்றைத் தந்தை சினந்து உடைத்தெறிந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டுக் கடலுக்குப் போனவர் படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவரானார், அமெரிக்கக் குடிமகனுமானார். 1870-களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் காட்டோரத்தில் தங்கி ஒரு நீராவிக் கப்பலின் உடலைக் கட்டிக் கொடுத்தார். அதற்குக் கூலியாகக் கிடைத்தது ‘பாட்டோ’ என்னும் சிறு பாய்க்கப்பல். ஆகவே மரமும் உளியும் அவருக்குப் புதியவை அல்ல. ஆனால் அங்கே ஆட்கள் இருந்தனர். கூலி கொடுப்பவரும் ஒருவர் இருந்தார். யாரும் இல்லாமல் கட்ட நேர்ந்தது பின்னரே.

1887-ஆம் ஆண்டின் முடிவில் பிரேசில் நாட்டுப் பரனகுவா விரிகுடாவில் அவருக்குச் சொந்தமான ‘அக்விட்நெக்’ என்னும் கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. கப்பலுக்குக் காப்பீடு இல்லை. உடன் இருந்தவர்கள் மனைவி ஹெட்டியும், விக்டர், கார்பீல்டு என்னும் இரு மைந்தரும். கையிருப்பு அனைத்தும் கடலோடு போயிற்று. ஊரோ பல ஆயிரம் மைல் தொலைவில். அந்நிலையில் ஸ்லோக்கம் எடுத்த முடிவு, உடைந்த கப்பலின் மரத்தையும் அக்கரைக் காட்டின் மரத்தையும் கொண்டு ஒரு படகு கட்டி, அதிலேயே வீடு திரும்புவது என்பது.

அவரிடம் இருந்த கருவிகளின் பட்டியலை அவரே தந்திருக்கிறார். ஒரு கோடரி, ஒரு வாய்ச்சி, இரண்டு வாள், துரப்பண அலகு இரண்டு, பாய் தைக்கும் பெரிய ஊசிகள் இரண்டு, ஓர் அரம். பாய் ஊசிகளை ஆணித்துளை போடும் அலகுகளாக மாற்றிக்கொண்டார். மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் பிடிகருவி இல்லாத குறையைக் கொய்யா மரத்தின் கோணல் கிளைகள் தீர்த்தன. ஆணிக்கு உடைந்த கப்பலின் செம்பையும் பிற உலோகங்களையும் உருக்கினார். ஆணி முனையில் இடும் வளையங்களுக்குச் செப்புக் காசுகளையே துளைத்துக்கொண்டார். அடிப்பலகைக்குக் கல்லைப் போல் கனக்கும் இரும்புமரம். பக்கங்களுக்கு இலேசான செந்நிறச் சீடர் மரம். இடையிடையே காய்ச்சல் வந்து தடுத்தது. ஹெட்டி பாய்களைத் தைத்தார். தச்சு வேலையில் தந்தைக்கு மூத்த மைந்தன் துணை நின்றான்.

படகின் வடிவத்திற்கு வரைபடம் ஏதும் இல்லை. தம் நினைவில் இருந்த அமெரிக்க மீன்பிடி ஓடத்தையும், கையில் இருந்த ஒரு புகைப்படத்திலே கண்ட ஜப்பானியச் சாம்பானையும் கலந்து ஒரு வடிவம் அமைத்தார். பாய் விரிக்கும் முறையைச் சீனரிடமிருந்து எடுத்துக்கொண்டார். நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, ஆழம் 3 அடி. அவர் அதனைக் கப்பல் என்று கூறவில்லை. ‘கனூ’ என்றே குறிப்பிட்டார். 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அது நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட நாளும் அதுவே. ஆகவே படகுக்கு அந்நாட்டு மொழியில் விடுதலை எனப் பொருள்படும் ‘லிபர்தாதே’ என்னும் பெயர் அமைந்தது. ஜூன் 24-இல் புறப்பட்ட அக்குடும்பம் ஏறத்தாழ 5,500 மைல் கடந்து, டிசம்பர் 27-இல் வாஷிங்டன் நகரை அடைந்தது.

இதனைப் படிக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. ஆனால் ஐயம் உண்டாவதில்லை. இந்த மனிதர் ஏன் நடுவில் விட்டுவிடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. விட்டால் போக்கிடம் இல்லை, அவ்வளவே. பசியும் தொலைவும் மனைவி மக்களின் முகமும் ஒருவரை ஓட்டும்போது ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. அவர் பிற்காலத்தில் கட்டிய இரண்டாம் படகே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதனைக் கட்டும்படி அவரை யாரும் நெருக்கவில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் கேட்பாரும் இல்லை. நெருக்கடி இல்லாத இடத்தில் ஓராண்டுக்கு மேல் ஒருவர் கோடரியைக் கீழே வைக்காமல் இருந்தார் என்பதே, நம் கருத்தில், காட்டில் படகு கட்டியதைவிட அரிய செயல்.

1892-ஆம் ஆண்டு குளிர்காலம். பாஸ்டன் நகரம். ஸ்லோக்கமுக்கு வயது 48. நீராவிக் கப்பல்கள் கடலைப் பிடித்துக்கொண்ட காலம் அது. ஒரு காலத்தில் ‘நார்தர்ன் லைட்’ என்னும் பெரும் பாய்க்கப்பலுக்குத் தலைவராக இருந்தவருக்குக் கப்பல் தர ஆள் இல்லை. அவர் அறிந்த உயர்ந்த பாய்க்கப்பல்கள் பல பாய்மரம் அறுக்கப்பட்டு நிலக்கரி சுமக்கும் தெப்பங்களாக இழுத்துச் செல்லப்பட்டன. கப்பல் பட்டறையில் கூலிக்குச் சேரலாம் என்று போனால், அங்கே வேலை செய்ய முதலில் தொழிலாளர் சங்கத்திற்கு 50 டாலர் கட்ட வேண்டும் என்றனர். பிறந்த ஊரை விட்டு வந்த பின், கற்ற தொழிலுக்கு வந்த ஊரிலும் இடம் இல்லை என்று கேட்க நேரும் கசப்பு நம்மில் பலருக்குப் புதிதன்று. அவ்வேளையில், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் தலைவராக இருந்து ஓய்ந்த பழைய நண்பர் ஒருவர் தெருவில் எதிர்ப்பட்டார். அவர் பெயர் எபன் பியர்ஸ். ஃபேர்ஹேவனுக்கு வந்தால் கப்பல் ஒன்று தருவதாகவும், ஆனால் அதற்குச் சிறிது பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்றும் அவர் கூறினார்.

மறுநாளே ஸ்லோக்கம் அவ்வூருக்குப் போனார். கடலிலிருந்து சிறிது தொலைவில் ஒரு வயலில், முட்டுக் கொடுக்கப்பட்டு, கித்தான் போர்த்தி நின்றது ‘ஸ்ப்ரே’ என்னும் மிகப் பழைய ஒற்றைப் பாய்மரப் படகு. ஸ்ப்ரே என்றால் நீர்த்திவலை; ஆனால் திவலை அதன்மேல் பட்டு ஏழாண்டு ஆகியிருந்தது. அந்த ஏழாண்டும் ஊரார் பியர்சை, அந்தப் படகை என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டுக் கொண்டே இருந்தனர். கேலியை நண்பர் இப்போது ஸ்லோக்கமின் தலைக்கு மாற்றிவிட்டார் என்றே கூற வேண்டும். புதியவர் ஒருவர் வந்து படகில் கை வைத்தார் என்றதும் ஊரில் பேச்சு எழுந்தது. உடைத்து விறகாக்கத்தான் வந்திருப்பார் என்று எண்ணியவர்கள், அதனைத் திரும்பக் கட்டப் போகிறார் என்று கேட்டுத் திகைத்தனர். இதனால் பணம் வருமா என்பது அடுத்த கேள்வி. ஓராண்டுக்கும் மேலாக அதே கேள்வி. வரச் செய்வேன் என்று அதே விடை.

வேலையைத் தொடர்ந்து பேசுமுன் சொற்கள் சிலவற்றைக் கூறிவிடுதல் நலம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் இவற்றைக் கேட்டிருக்க மாட்டார்கள். படகின் முதுகெலும்பாக அடியில் நீளக் கிடக்கும் மரம் ஏரா. அதன் இருபுறமும் விலா எலும்பு போல் வளைந்து எழுவன வங்குகள். படகின் முன்புறம் அணியம். பலகைகளின் இடைவெளியில் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பற்று. நம் கடற்கரைத் தச்சர் நாவில் வழங்கிய இச்சொற்கள் அமெரிக்கப் படகுக்கும் அப்படியே பொருந்துகின்றன; மரவேலை எங்கும் ஒன்றுதான்.

ஸ்லோக்கம் முதலில் அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றைத் தம் கோடரியால் வீழ்த்தினார். அது ஏராவாயிற்று. வங்குகளுக்கு வேண்டிய மரங்களையும் உழவர் ஒருவர் சிறு கூலிக்கு இழுத்து வந்து தந்தார். மரத்தை வளைப்பதற்கு நீராவிப் பெட்டி ஒன்றையும், கொதிகலனாக ஒரு பானையையும் அமைத்துக்கொண்டார். நேராக வளர்ந்த இளமரங்களைச் செதுக்கி, ஆவியில் வேகவைத்து, துவளும் பதம் வந்ததும் ஒரு மரத்துண்டின் மேல் வளைத்துக் கட்டி, அந்த வளைவு நிலைக்கும்வரை வைத்திருப்பார். இவ்வாறு ஒவ்வொரு வங்காக எழுந்தது. பழைய படகில் ஒரு மரம் கழலும். அதன் இடத்தில் புதிய மரம் ஏறும். எந்நாளில் பழையது மறைந்து புதியது பிறந்தது என்று கூற முடியாதபடி மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. பழுது பார்த்துப் பார்த்து முழுதும் புதிதாகிவிட்ட கப்பலும் அதே கப்பல்தான் என்று காப்பீட்டு உலகில் ஒரு விதி உண்டென வேடிக்கையாகக் கூறி, அவர் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்.

இந்த முறையில் ஒரு நுட்பம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வெற்று நிலத்தில் புதிய படகு தொடங்குபவர் முன்னே இருப்பது வெறுமை. ஸ்லோக்கம் முன்னே எந்நாளும் ஒரு படகு இருந்தது. இற்றுப்போன படகாயினும் படகு. முழுவதையும் கட்ட வேண்டும் என்னும் மலைப்பு அவரிடம் இல்லை. இன்று இந்த ஒரு மரத்தை மாற்ற வேண்டும் என்பதே வேலை. நாள்தோறும் தம் உழைப்புக்குக் கண்ணால் காணத்தக்க ஏதேனும் ஒன்று கிடைத்தது என்றும், அக்கம்பக்கத்தார் வரவால் வேலை கலகலப்பாயிற்று என்றும் 1900-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதுகிறார். இந்த இரண்டையும் தவிர ஊக்கத்திற்கு வேறு பெரிய காரணம் எதையும் அவர் கூறவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

அக்கம்பக்கத்தார் என்றவர்கள் யார்? நியூ பெட்பர்டு துறைமுகத்திற்கு எதிர்க்கரையில் உள்ள ஊர் ஃபேர்ஹேவன். திமிங்கில வேட்டைத் தொழில் ஓய்ந்து, முதிர்ந்த கப்பல் தலைவர்கள் பலர் வேலையின்றி அங்கே வாழ்ந்தனர். அணியத்தின் முன்மரம் ஏறியதும், உட்புறத்தைப் பிணைக்கும் மரங்கள் ஏறியதும், அவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துக் கருத்துக் கூறினர். வடகடலிலிருந்து திரும்பியவர்கள் பனிக்கட்டியை உடைக்கத்தக்க வலிமை உடையது என்றனர். அவர்களுள் மிக மூத்தவர், கிரீன்லாந்துக் கரைக்கே சென்று இப்படகில் திமிங்கிலம் பிடிக்கலாம் என்று சான்று வழங்கினார். வேலை நடுவே இவ்வாறு வந்து நிற்பவர்களைத் தொல்லை என்று விரட்டும் தச்சர்களும் உண்டு. ஸ்லோக்கம் அவர்களை விரட்டவில்லை. கையிலிருந்த வாய்ச்சியை வைத்துவிட்டு அவர்களோடு பேசினார். அறியாதவர் ஆயிரம் பேர் புகழ்வதைவிட, தொழில் அறிந்த கிழவர் ஒருவர் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தலையசைப்பது வேலை செய்பவர் நெஞ்சில் நிற்கும்.

ஆனால் தொழில் அறிந்தவர்கள் ஐயமும் எழுப்புவார்கள். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியா பைன் பலகைகளை வங்குகளின் மேல் பொருத்தும் வேலை அலுப்பூட்டுவதாக இருந்தது என்று ஸ்லோக்கமே ஒப்புகிறார். பலகைகளின் உள்விளிம்பு ஒன்றோடொன்று ஒளியும் புகாதபடி நெருங்க வேண்டும். வெளிவிளிம்பு பஞ்சு புகுமளவு சற்றே விலகியிருக்க வேண்டும். பலகை முனைகளைத் திருகு மரையிட்ட ஊடாணிகளால் வங்கோடு முடுக்கினார். அப்படிப்பட்ட ஆணிகள் படகு முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரம். ஆயிரம் துளை, ஆயிரம் ஆணி, ஆயிரம் முடுக்கு. நாம் தொடக்கத்தில் கூறிய சோதனைக் கட்டம் இதுவே. இது முடிந்து பலகை இடைவெளிகளில் பஞ்சைத் திணிக்கும்போது, இந்தப் பஞ்சு நழுவி வெளியே ஊர்ந்து வந்துவிடும் என்று ஒருவர் கூறினார். இன்னொருவரும் அதையே கூறினார். மூன்றாமவர் ஒருவர் வந்து, ஊர்ந்து வந்துவிடாதா என்று கேட்டபோது, அங்கிருந்த முதிய தலைவர் ஒருவர், எவ்வளவு வேகத்தில் ஊரும் என்று சொன்னால் அதற்குள் துறைமுகம் சேர்ந்துவிடலாமே என்று மடக்கினார். ஸ்லோக்கம் யாரோடும் வாதாடவில்லை. பஞ்சின் மேல் பழங்கயிற்று நாரையும் ஒரு சுற்றுத் திணித்தார். அது மற்றவர் சொன்னதற்காகச் செய்ததன்று. தொடக்கம் முதலே அவர் எண்ணியிருந்தது. புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டார், ஐயத்தையும் கேட்டுக்கொண்டார். செய்ததோ தம் திட்டத்தை.

பருவங்கள் மாறின. வேலை தொடங்கியபோது நிலத்தில் பனி இருந்தது. வங்குகள் நிமிர்ந்த வேளையில் ஆப்பிள் மரங்கள் பூத்தன. பின்னர்ச் செர்ரி பழுத்தது. படகு நின்ற இடத்தருகே, அமெரிக்காவில் முதன்முதல் குடியேறிய முன்னோருள் ஒருவரின் கல்லறை இருந்தது. அதன்மேல் கிளை பரப்பிய செர்ரி மரத்தின் கனிகளைப் படகின் தளத்தில் நின்றபடியே கை நீட்டிப் பறிக்கலாம் என்று எழுதுகிறார். ஆயிரம் ஆணி முடுக்குபவர் செர்ரிப் பழத்தையும் கவனித்திருக்கிறார் என்பது சிறிய செய்தியன்று. எப்போது முடியும், எப்போது முடியும் என்று தவிப்பவர் கண்ணில் கனி படுவதில்லை.

கணக்கு என்ன ஆயிற்று? படகுக்கான பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதம். அந்த 62 சென்டையும் விடாமல் எழுதியிருப்பது அவருடைய கையிருப்பின் நிலையை நமக்குக் காட்டுகிறது. உண்மையில் அவர் அவ்வூரில் இருந்தது 13 மாதத்தினும் அதிகம். பணம் தீர்ந்தபோதெல்லாம், துறைமுகத்தில் பயணத்திற்கு ஆயத்தமாகும் திமிங்கிலக் கப்பல்களில் கூலி வேலைக்குப் போனார். பணம் சேர்ந்ததும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். வேலை நின்ற நாட்களைத் தோல்வி என்று அவர் எழுதவில்லை. வேலை நீண்டதற்குக் காரணம் என்று மட்டும் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகிறார். கொல்லையில் மட்கும் படகுகள் பலவும் இப்படி நின்ற முதல் இடைவெளியில் விடப்பட்டவையாகவே இருக்கும்.

ஆயினும் இந்தக் கணக்கை நாம் முழுதாக நம்பிவிடக் கூடாது. 553 டாலரில் அடங்காத செலவு ஒன்று உண்டு. ஹெட்டியும் பிள்ளைகளும் அந்நாட்களில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பற்றி அந்த அத்தியாயம் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. காட்டில் பாய் தைத்த பெண்மணிக்கு வயலில் நின்ற படகின் வரலாற்றில் இடம் இல்லை. அன்றியும், ஸ்லோக்கம் இதனை எழுதியது உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்ற பின்னர். கரை சேர்ந்தவர் புயலைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார். பனிக்காலத்து விடியலில் ஈர மரத்தின் முன் நின்றபோது அவர் மனம் எப்படி இருந்தது என்பதை அந்த நகைச்சுவை நடை நமக்குக் காட்டாமல் மறைத்திருக்கவும் கூடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஓராண்டுக்கு மேல் ஒருவர் உழைத்தார் என்றால், உலகை வலம்வர வேண்டும் என்னும் பேரிலட்சியமே அவரைத் தாங்கியது என்று மேடைகளில் கூறுவதுண்டு. கேட்பதற்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர் நூல் கூறும் வரிசை வேறு. படகை முடித்து, செப்புக் கலந்த பூச்சை அடியில் இருமுறையும், வெள்ளைப் பூச்சை மேலே இருமுறையும் பூசி, சுக்கானைப் பொருத்தி, மறுநாள் நீரில் இறக்கினார். அது அன்னம் போல் மிதந்தது. பின்பு அவர் செய்தது என்ன? மீன் பிடிக்கப் போனார்! ஒரு பருவம் முழுவதும் கரையோரத்தில் முயன்று பார்த்து, தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம் கூடத் தமக்கு இல்லை என்று கண்டுகொண்டார். அதன் பின்னரே உலகப் பயணத்திற்கு நங்கூரம் தூக்கத் தீர்மானித்தார் என்று நூல் கூறுகிறது. இதனால் பணம் வருமா என்று ஊரார் கேட்டபோது, உலகைச் சுற்றப் போகிறேன் என்று அவர் விடையளிக்கவில்லை. வரச் செய்வேன் என்ற அந்த விடைக்குள் தெளிவான திட்டம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவ்வாறாயின் அவரைத் தாங்கியது எது? உறுதியான படகு ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று அவர் எழுதுகிறார். அதற்கு மேல் எதுவும் இல்லை. கப்பல் தலைவர் என்ற பட்டம் போய்விட்டது. பட்டறை வாயில் அடைத்துவிட்டது. தம் வாழ்நாள் முழுவதும் கற்ற கலையை உலகம் வேண்டாம் என்று கூறிவிட்டது. அந்தக் கலை இன்னும் பொய்யாகவில்லை என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த வயல். இன்று ஏற்றிய வங்கு நேற்று ஏற்றியதற்குச் சரியாக அமைந்ததா என்னும் வினாவுக்கு அன்றன்றே விடை கிடைத்தது. மறுநாள் வருவதற்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. இலட்சியம் படகைக் கட்டவில்லை. கட்டி முடித்த படகே இலட்சியத்தைத் தந்தது. நாம் வழக்கமாகக் கூறும் முறைக்கு இது நேர்மாறானது. ஆயினும் சான்று இப்படித்தான் இருக்கிறது.

படகின் அளவையும் கூறிவிடுவோம். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். உள்ளாழம் 4 அடி 2 அங்குலம். 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், 51 வயதில், ஸ்லோக்கம் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். மாகெல்லன் நீரிணையின் புயல்களையும் பசிபிக் பெருங்கடலையும் கடந்தார். ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள வியாழன் தீவிலிருந்து இந்துமாக்கடலில் உள்ள கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை. மற்ற நேரமெல்லாம் சுக்கானைக் கட்டி வைத்துவிட்டுப் படித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தார். படகு தானே திசை தவறாமல் சென்றது. அத்தகைய சமநிலை அதற்கு எவ்வாறு வாய்த்தது என்று கப்பல் நூலறிஞர்கள் பின்னர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அத்தீவுகளில் ஒருநாள் அதன் அணியம் பவளப்பாறை ஒன்றின் மேல் மோதியது. பாறை இரண்டாகப் பிளந்தது. மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து செதுக்கிய முன்மரத்தில் ஒரு வடு கூட விழவில்லை.

மூன்றாண்டுக்கு மேலாக, ஏறத்தாழ 46,000 மைல் சுற்றி, 1898-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஸ்லோக்கம் நியூபோர்ட் துறையை அடைந்தார். படகு ஒரு துளியும் கசியவில்லை. நீர் இறைக்கும் குழாயை ஆஸ்திரேலியாவுக்கு வரும்வரை மிக அரிதாகவே பயன்படுத்தியிருந்தார். அதன்பின் அதனைப் பூட்டவே இல்லை. ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று கூறப்பட்ட பஞ்சு, திணித்த இடத்திலேயே இருந்தது. ஜூலை 3-ஆம் நாள் நல்ல காற்று வாய்த்தது. படகைக் கரையோரமாகச் செலுத்திக்கொண்டு அக்குஷ்நெட் ஆற்றின் வழியே ஃபேர்ஹேவனுக்குச் சென்றார். முதல்நாள் நீரில் இறக்கியபோது படகைக் கட்டி நிறுத்துவதற்காகக் கரையில் அடித்த சீடர் முளை இன்னும் அங்கேயே நின்றது. அதிலேயே கயிற்றைக் கட்டினார்.